வழியனுப்ப வருகிறவர்களை இடைஞ்சல் என்று எழுதாதீர்கள்

சுற்றுலாப் பயணிகளுக்காக யாரோ இணையத்தில் போட்ட திருச்சி ஏர்போர்ட் கைடு பதிவை எனக்கும் நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். "நம்ம ஊரைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க, ஷேர் பண்ணு" என்று. படித்தேன். புதிய முனையத்தில் எந்தச் சுவர் முன்னால் நின்று படமெடுக்கலாம், மலைக்கோட்டைக்கு எப்படிப் போகலாம், ஸ்ரீரங்கம் பக்கத்தில் எங்கே டிபன் சாப்பிடலாம், எல்லாம் சரி. நடுவில் அந்த வரி. வாசலில் ஊர்க்காரர்கள் வேன் வைத்துக் கும்பலாக வந்து நிற்பார்கள், அந்த இடைஞ்சலைத் தாண்டிச் சீக்கிரம் டாக்சி பிடித்துவிடுங்கள், சுற்றுவட்டாரத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று.

வேன் வைத்து வந்து நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விமான நிலையம் யாரால் ஓடுகிறது? சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று போகிற விமானங்களால். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுக்குப் போய் வருகிறவர்கள்தான் அதிகம். இந்தியாவில் இப்படி இருக்கிற விமான நிலையங்கள் மிகக் குறைவு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், அரியலூர், பெரம்பலூர், சிவகங்கை பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போய்ப் போய் வளர்ந்த இடம் இது. 2012இல் சர்வதேச அந்தஸ்து வந்ததும், 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, வருஷத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போகிற அளவுக்குப் புதிய முனையம் கட்டி 2024 ஜனவரியில் திறந்ததும் இவர்கள் வாங்கிய டிக்கெட்டை நம்பித்தான். அந்த முனையத்தின் அழகைக் காட்டிவிட்டு, அது யாருக்காக வந்ததோ அவர்களை ஒதுங்கச் சொல்வதா?

எங்கள் ஊர் கீரனூர் பக்கம். அண்ணன் முதன்முதலில் சிங்கப்பூர் போனபோது பழைய முனையம். அப்பா, அம்மா, சித்தப்பா வீடு, மாமா வீடு என்று எல்லோரும் வேனில்தான் வந்தோம். கவுண்ட்டரில் பெட்டி எடை கூடிவிட்டது என்றார்கள். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நைலான் கயிற்றை அவிழ்த்து, டேப்பைக் கிழித்து, முறுக்குச் சம்படத்தையும் இட்லிப்பொடியையும் வெளியே எடுத்து வைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தான். அம்மா பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உள்ள யாரையாச்சும் கேட்டுப் போ தம்பி" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஒருத்தன் போறதுக்கு ஊரே வருது" என்று எங்கள் காதுபடச் சொன்னார். அன்றைக்கு அம்மா முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதையேதான் இப்போது அழகான படங்களோடு எழுதியிருக்கிறார்கள்.

கைடு என்றால் அந்தப் பெட்டியைக் கட்டுகிற வீட்டுக்கு உதவ வேண்டாமா? டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதோ, அதை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள் என்று ஒரு வரி. கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள், பவர்பேங்க் கைப்பையில் மட்டும்தான், நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் போனால் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்று ஒரு வரி. சிங்கப்பூர் வருகை அட்டையையும் மலேசியாவின் டிஜிட்டல் அட்டையையும் இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி. பத்தாவது முடிக்காமல் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த) பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சிங்கப்பூருக்கு வேண்டாம் என்று ஒரு வரி. இது தெரியாமல் ஏஜென்ட் சொன்னதை நம்பி வந்து, குடியேற்றக் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கடன் வாங்கிப் போகிறவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது!

அப்புறம் அந்த "ஒன்றுமில்லை". விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பொன்மலை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்த பணிமனை அங்கேதான். 1946 செப்டம்பர் 5 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ரயில்வே தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரை விட்ட மண். கொட்டப்பட்டில் இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் எத்தனையோ வருஷமாக முகாமில் வாழ்கிறார்கள். தலைக்கு மேல் கொழும்பு விமானம் போகிறது. 2025இலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் விமானம் போகிறது. விமான நிலையம் இருக்கிற புதுக்கோட்டை சாலையிலேயே போனால் நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம். சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் அந்தப் பக்கம்தான். இத்தனை இருக்கிற இடத்தை ஒன்றுமில்லை என்று எழுத எப்படி மனசு வந்தது?

"அது சுற்றுலாப் பயணிக்கு எழுதியது, உனக்கு ஏன் கோபம்" என்று கேட்பார்கள். சுற்றுலாப் பயணிக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்களை இடைஞ்சல் என்று சொல்லாமலேயே மலைக்கோட்டைக்கு வழி சொல்ல முடியும்.

"வாசலில் நெரிசல் ஆவது உண்மைதானே" என்பார்கள். உண்மைதான். பெட்டி வண்டி தள்ளுகிறவருக்கு வழி விடாமல் நிற்பது தப்புதான், நானே சொல்லி நகர்த்தியிருக்கிறேன். அதற்கு உட்கார நாலு பெஞ்சும் நிழலும் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

"வீட்டிலேயே வழியனுப்பலாமே, வீடியோ காலில் பார்க்கலாமே" என்றும் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் மகன் முகத்தை நேரில் பார்ப்போம் என்று தெரிந்த தாயிடம் போய் அதைச் சொல்லட்டும். அவன் கட்டுமானத்தில் எத்தனையாவது மாடியில் நிற்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெட்டியில் வந்தவர்களையும் இதே விமான நிலையத்தில் நின்று வாங்கியிருக்கிறோம். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அது நடந்தது. அன்றைக்கும் வேனில்தான் வந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை.

"அப்படியானால் நீயே ஒரு கைடு எழுது" என்கிறவர்களுக்கு: எழுதுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சர்வதேச விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். புதிய முனையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, பெட்டியோடு பஸ்ஸில் வருகிறவர்கள் அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் வந்து தெரிந்தால் தவித்துப்போவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டால், தாராளமாக வாருங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.