முழு நைட் வாரம்

நேற்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவ பொறந்தப்ப அவுங்களுக்கு முழு நைட் வாரமுங்க. காத்தால மில்லுல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க." தேதி கேட்டால் அம்மா யோசிப்பார், ஷிப்ட் மட்டும் மறக்காது. தம்பிக்குக் காது குத்தியது பகல் ஷிப்ட் வாரம், அப்பாரு, அதாவது தாத்தா, தவறியது அரை நைட் வாரம். எங்கள் வீட்டு நினைவுகளெல்லாம் அப்படித்தான் வரிசையாக நிற்கின்றன.

மில் பக்கம் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் போவது பகல் ஷிப்ட். சாயங்காலம் போய் நள்ளிரவில் திரும்பினால் அரை நைட். நள்ளிரவில் போய் விடிந்து திரும்பினால் முழு நைட். அப்பாவுக்கு வாரம் ஒன்றாக மாறி வரும். ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவார்கள். கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்து, 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்தபின் சிங்காநல்லூர், பீளமேடு என்று வரிசையாக மில்கள் எழுந்தன. அந்தப் பக்கத்து வீடுகளில் கடிகாரம் இல்லாவிட்டாலும் சங்கு கேட்டு உலை வைத்தார்கள்.

முழு நைட் வாரத்தில் எங்கள் லைன் வீட்டு நடப்பே வேறு. அப்பா வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலிலேயே நின்று துண்டால் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். குளித்து, ஒரு வட்டில் அரிசியும்பருப்பும் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அம்மா ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டிவிடுவார். மாவு ஆட்டுவதெல்லாம் முந்தின நாளே முடிந்திருக்கும். நல்லதண்ணி வந்தால் குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டி, அதன் நுனியைக் குடத்துக்குள் விடுவார். தண்ணீர் துணி வழியாகவே இறங்கும், துளிச் சத்தம் வராது. வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்தால் கீரைக்காரம்மாகூட எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் கூவுவார். அடுத்தடுத்த வீடுகளிலும் யாராவது ஒருவர் நைட் பார்த்துவிட்டுப் படுத்திருப்பார். அந்தத் தூக்கத்தை லைனே சேர்ந்து காத்தது.

இப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அமெரிக்காவில் விடியும்போது எனக்கு வேலை ஆரம்பம். நைட் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை, அப்பா 26 வருஷம் பார்த்தார். அடுத்த வாரம் என்ன ஷிப்ட் என்பது ஞாயிறு ராத்திரிதான் போனுக்கு வருகிறது, வந்ததும் புதன்கிழமைக்குள் மாறிவிடுகிறது. அதுதான் வலிக்கிறது. பையனின் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியவில்லை. காங்கேயம் பக்கம் பெரியம்மா ஊரில் மாரியம்மன் பொங்கல். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், அன்று காலையில் ஷிப்ட் மாறிவிட்டது. எனக்கென்று எடுத்து வைத்த ஒப்புட்டு (போளி) ரெண்டு நாள் பாத்திரத்திலேயே இருந்ததாம். பெரியம்மா அதைச் சொல்லும்போது எனக்குப் பதில் பேச வரவில்லை.

அப்பாவின் வேலை என்னுடையதைவிடப் பல மடங்கு கஷ்டம். இரைச்சல், பஞ்சுத் தூசி, கடைசி வரை போகாத இருமல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியதோடு, யாருக்கு எந்த நேரம் வேலை என்பதை முன்னதாகவே எழுதிப் பார்வையில் படும்படி வைக்கவும் சொன்னது. அப்பா பலகையைப் பார்த்து வந்து சொன்னால் போதும், அம்மா அந்த மாதத்தையே அடுக்கிவிடுவார். சொந்தக்காரர்கள் எப்போது வரலாம், ஊருக்கு எப்போது போகலாம், எந்த ஞாயிறு கறி எடுக்கலாம், எல்லாம் அதில் அடங்கும். நேரம் தெரிந்துவிட்டால் வீடு எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். தெரியாவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள். சம்பளம் கூட்டிக் கேட்டதைவிட இதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் தேவை என்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குக் கையால் எழுதி வைத்தார்கள். எங்கள் டீமில் இருப்பது பத்துப் பேர். ஆகாத காரியம் என்று நான் நம்பவில்லை.

அப்பா தவறி ஆறு வருஷமாகிறது. அம்மாவுக்கு இன்னும் பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நான் கேப்பில் வந்து இறங்கும்போது வாசல் லைட் எரியும். "கொள்ளு ரசம் சுட வெச்சிருக்கறேன் கண்ணு, ரெண்டு வாய் தின்னுபோட்டுப் படு." போனில் வரும் அட்டவணை அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் சமையலறைக் காலண்டரில் எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் திங்கள், செவ்வாய் அரை நைட். புதன்கிழமைக் கட்டத்தில் அதை அடித்துவிட்டு முழு நைட் என்று எழுதியிருக்கிறேன்.

"வெள்ளிக்கு என்னன்னு சொல்லு கண்ணு, மாவு ஆட்டோணும்" என்று இன்று காலை கேட்டார். எனக்கு இன்னும் தகவல் வரவில்லை.