அங்கிளின் மியூசியம் பீஸ்

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் பழைய கைத்துப்பாக்கியைக் கிண்டலடித்துத் தம்பி எடுத்த அந்த நாற்பது நொடி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹூஸ்டனில் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தாகிவிட்டது, ஊரிலிருந்து மச்சினன் வரைக்கும் போன் போட்டுச் சிரித்தாகிவிட்டது. முதல் தடவை நானும் சிரித்தேன். இரண்டாம் தடவைதான் கவனித்தேன். தம்பி கேமராவைத் துப்பாக்கியிலிருந்து நகர்த்தி, அதை வைக்கும் பெட்டி மூடியின் உட்பக்கத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே இருக்கும் குங்குமக் கறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். "அங்கிளோட மியூசியம் பீஸ், டெய்லி பூஜை உண்டு."

பெயர் சொல்லப் போவதில்லை. ஆறு வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவன். வீடியோவில்தான் அங்கிள் ஆகியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது சிக் சாவர் பி239, 9 மிமீ. 1996-இல் வந்த மாடல். 2018 வாக்கில் செய்வதை நிறுத்திவிட்டார்கள். தம்பி வைத்திருப்பது அதே கம்பெனியின் பி365, அது வந்ததும் அந்த 2018-இல்தான். அவனுடைய மேகசினில் பத்துத் தோட்டா, துப்பாக்கியின் எடை அரைக் கிலோ. என்னுடையதில் எட்டு, எடை எண்ணூறு கிராமுக்கு மேல். அதிகம் சுமந்து குறைவாக வைத்திருக்கிறேன். இதை வீடியோ எடுத்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டுமா? என் இடுப்பு தினமும் சொல்கிறதே.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அது சுடுவதை நிறுத்திவிடவில்லை.

எட்டுத் தோட்டாவுக்கு எவனாவது துப்பாக்கி செய்வானா என்று கேட்டான். செய்தார்கள், காரணத்தோடுதான். 1994-இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பொதுமக்களுக்கு விற்கும் புது மேகசின்களில் பத்துக்கு மேல் தோட்டா கூடாது என்றது. 2004 வரை அது அமலில் இருந்தது. பதினைந்து பிடிக்கிற தடித்த கைப்பிடிக்குள் பத்தைப் போட்டுச் சுமப்பானேன் என்று ஆட்கள் யோசித்த காலம். அதே சமயத்தில் ஒவ்வொரு மாநிலமாக, மறைத்து எடுத்துப் போக லைசன்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. டெக்சஸில் 1996 ஜனவரி முதல். அதற்குப் பின்னால் இதே டெக்சஸின் கில்லீன் ஊரில் நடந்தது இருக்கிறது. 1991 அக்டோபரில் அங்கே லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் 23 பேரைக் கொன்றான். அப்பா அம்மா இரண்டு பேரையும் அங்கே பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தன் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே லைசன்ஸ் சட்டம் வந்ததில் அவருடைய குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நேரத்துக்கென்றே செய்த துப்பாக்கி இது. தோட்டாவை ஒற்றை வரிசையில் அடுக்குகிற ஒல்லி மேகசின், சட்டைக்குள் துருத்தாத கைப்பிடி. அன்றைக்கு இதுதான் 'சின்னது'. இன்றைக்கு இதைக் கையில் வாங்கினால் செங்கல் மாதிரி இருக்கிறதாம்.

செங்கல்தான். அந்தக் கனம்தான் சுடும்போது கை தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்கிறது. எங்கள் ரேஞ்சுக்கு வரும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இதே பி239-ஐ .40 காலிபரில், அதாவது இன்னும் தடித்த தோட்டாவில், வைத்திருக்கிறார், அதில் ஏழுதான் பிடிக்கும். எழுபது வயதுக்கு மேல். புதுசாக ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கி இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார், மணிக்கட்டு வலிக்கிறது என்று விற்றுவிட்டு இதற்கே திரும்பி வந்தார். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

உடனே ஒருவர் வருவார்: "உதிரி பாகத்துக்கு எங்கே போவீர்கள்?" நியாயமான கேள்வி. இதற்கென்று தனி மேகசின், கிடைக்கிற இடத்தில் கிடைக்கிற விலைக்கு வாங்கி ஐந்து சேர்த்து வைத்திருக்கிறேன். கடைகளில் இடுப்பில் கட்டும் உறை, ஹோல்ஸ்டர் என்று கேட்டால் பையன்கள் கணினியில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். கடைசியில் தோல் வேலை செய்கிற ஒருவரிடம் துப்பாக்கியை அளவுக்குக் கொடுத்து, பதினோரு வாரம் காத்திருந்து வாங்கினேன். குறிபார்க்க இரவில் பச்சையாக மின்னுகிற ட்ரிட்டியம் சைட்டும் மங்கிவிட்டது. ட்ரிட்டியம் பன்னிரண்டு வருடத்தில் பாதியாகிவிடும் சரக்கு, நான் வாங்கியதோ செகண்ட் ஹேண்ட். இதெல்லாம் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பிரிங் மாற்றி எண்ணெய் போட்டு வைத்தால் சுடும். இதுவரை மூவாயிரத்துச் சொச்சம் சுட்டிருக்கிறேன். செய்வதை நிறுத்தியது கம்பெனி. துப்பாக்கிக்கு அது தெரியாது.

தம்பிக்குப் புரியாதது அந்த ட்ரிகர். முதல் தோட்டாவுக்கு நீளமாக, கனமாக இழுக்க வேண்டும், அந்த இழுப்பிலேயே, தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியலான ஹாமர் பின்னால் போய் விழும். அடுத்த தோட்டாவிலிருந்து, மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடே ஹாமரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிடும், ட்ரிகர் குட்டையாக, லேசாகிவிடும். சுட்டு முடித்ததும் இடப்பக்கம் இருக்கும் டீகாக்கரைக் கட்டைவிரலால் அழுத்தினால் டக் என்று ஹாமர் பத்திரமாக இறங்கும். வீடியோவில் "இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு" என்று சிரிப்பது அந்த முதல் இழுப்பைத்தான். ஆமாம், வந்துகொண்டேதான் இருக்கும். எனக்கு அது வேண்டும்.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹெச்1பி வேலை விசாவில் இருந்த காலத்தில், வேட்டை லைசன்ஸ் மாதிரி ஓரிரண்டு விலக்கு தவிர, எங்களுக்குத் துப்பாக்கி வாங்கச் சட்டமே இடம் தராது. எனக்கு அந்த ஆசையும் இருந்ததில்லை. கிரீன் கார்டு வந்தது, எண்ணெய் விலை விழுந்தது, வேலை போனது. சகலையோடு சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்க்கில், பங்கு போட்டேன். 2017 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பையன் உள்ளே வந்தான். என் மகன் வயதுதான். கையில் துப்பாக்கி. அது நடுங்கியதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவன் விரல் ட்ரிகர் மேலேயே இருந்தது. கல்லாவில் இருந்த 312 டாலரை எடுத்துக் கொடுத்தேன், போய்விட்டான். நான் லாட்டரிச் சீட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு என்னிடம் துப்பாக்கி இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். இதை எனக்கு எதிராகவே பயன்படுத்துவீர்கள் என்று தெரியும், பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து வாங்கப் போனபோது கடைக்காரர் ஏழெட்டு எடுத்துக் காட்டினார். லேசாகத் தொட்டாலே டப் என்கிற ட்ரிகர் உள்ளதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். அந்தப் பையனின் விரல் ஞாபகம் வந்தது. என் விரலும் நடுங்கும் என்று எனக்குத் தெரியும். நீளமாக இழுக்க வேண்டிய இதை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் லைசன்ஸ் வகுப்பு. ஐம்பது தோட்டா, மூன்று, ஏழு, பதினைந்து கெஜத்தில், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நான் 228. தம்பி அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. 2021 செப்டம்பரிலிருந்துதான் டெக்சஸில் 21 வயதாகி, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத யாரும் லைசன்ஸ் இல்லாமலேயே எடுத்துப் போகலாமே. சட்டப்படி சரிதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய டார்கெட் பேப்பரை மட்டும் வீடியோவில் ஏன் காட்டவில்லை என்று கேட்கிறேன்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "தமிழனுக்கு எதற்கண்ணே துப்பாக்கி, இந்த ஊர்ப் பைத்தியம் உங்களையும் பிடித்துவிட்டதா?" இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, அதுவும் தெரியும். அதற்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது. வீட்டில் பெட்டகம் இருக்கிறது, நம்பர் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தமிழனுக்கு எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். தேனிப் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வரும். லைசன்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி டிவிஎஸ் 50-யில் வைத்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு தேர்தலுக்கு நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெருசு, இந்தப் பழைய இரும்பை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதினாறு வயது, நானும் சிரித்துவிட்டேன். பெரியப்பா வீடு வரைக்கும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. பெரியம்மா என்னிடம் என்னடா ஆச்சு என்று கேட்டார், தெரியலை என்று சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு அவர் அந்தத் துப்பாக்கியைத் துடைத்து, மண்வெட்டி கடப்பாரையோடு சேர்த்துச் சாத்தி வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். அதைப் பார்த்த பழக்கம்தான். வருடத்துக்கு ஒரு நாள், தோட்டா எல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியை மூடி, மேலே என் மனைவி ஒரு பொட்டு வைக்கிறாள். போன வருடம் மூடி திறந்திருந்தது தெரியாமல் உள்ளே வைத்துவிட்டாள். அந்தக் கறைதான் நீங்கள் பார்த்தது. டெய்லி பூஜை எல்லாம் கிடையாது தம்பி.

மியூசியம் பீஸ் என்றது கூடப் பெரிதாக உறைக்கவில்லை. பழசுதான், பழசைப் பழசு என்றால் கோபப்பட முடியாது. ஸ்லைடின் ஓரத்தில் ஹோல்ஸ்டர் உரசி உரசிக் கருப்புப் போய் வெள்ளையாகிவிட்டது, அது எட்டு வருடம் நான் தினமும் கட்டிக்கொண்டு போனதன் தேய்மானம். அதையும் காட்டினான். அதற்கு ஒரு சிரிப்பு இமோஜி.

வீடியோவை எடுத்துவிடு என்று கேட்கப் போவதில்லை. போன் பண்ணுவதாகவும் இல்லை. என்னுடைய நீலக் காது மஃப் அவன் வண்டிப் பின்சீட்டில் கிடக்கிறது. அவன் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், வரும் சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு ஏழாம் லேனில் இருப்பேன்.