பாக்ஸர் பாடுனா உடனே சிரிப்பு வந்துருமா?

விளையாட்டு வீரர்கள் பாடுனத கிண்டல் பண்ணி, ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்ற அந்த 'மானம் போன பாடகர்கள்' வீடியோவ நானும் பாத்துட்டேன், டேக் பண்ணது போதும். ஹெவிவெயிட் பாக்ஸர் ஜோ ஃப்ரேஸியர் பாடுறத பத்து செகண்ட் காட்டிட்டு பின்னாடி கழுதை கத்துற சவுண்ட் வச்சிருக்காங்க. பயங்கர திறமைதான். முழுப் பாட்டயும் கேட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.

1975-ல மோடவுன்ங்கற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனி அவர வச்சு 'ஃபர்ஸ்ட் ரவுண்ட் நாக்-அவுட்'னு ஒரு சிங்கிள் போட்டுச்சு. பண்ணிக் குடுத்தது வான் மெக்காய், அதே வருஷம் 'தி ஹசில்'ங்கற டிஸ்கோ பாட்டுல ஊரையே ஆட விட்ட மனுஷன். ஃப்ரேஸியருக்கு குரல் கரகரன்னுதான் இருக்கும். உணர்ச்சியக் கொட்டிப் பாடுற சோல் மியூசிக்ல அது குறையாய்யா?

"பேர் இருந்துச்சு, சான்ஸ் குடுத்தாங்க"ன்னு வருவீங்க, தெரியும். ஃப்ரேஸியர் விஷயத்துல இருக்கலாம், அதுக்கென்ன இப்ப? லீ மேய்க்கு என்ன சொல்வீங்க? அவர் பேஸ்பால் மேஜர் லீக்ல எறங்குனதே 1959-ல. ஆர்தர் லீ மேய் அண்ட் தி கிரவுன்ஸ்னு குரூப் வச்சு 'குளோரியா' பாடுனது 1956. அப்ப அவர் யாருன்னே ஊருக்குத் தெரியாது. 1964-ல மில்வாக்கி பிரேவ்ஸ் டீமுக்கு ஆடி 44 டபுள்ஸ் (ஒரே அடில ரெண்டாவது பேஸ் வரைக்கும் போறது), மேஜர் லீக்ல ஒரு பிரிவான நேஷனல் லீக்லயே அந்த வருஷம் அதுக்கு மேல யாரும் அடிக்கல. அதே வருஷம் ஜேமி ரெக்கார்ட் லேபிள்ல 'ஹாஃப்வே அவுட் ஆஃப் லவ்' பாட்டு. எத்தன பேருக்குத் தெரியும்? கேட்டாத்தானே தெரியும்.

காலேஜ்ல நான் வாலிபால் டீம். லைட் மியூசிக் போட்டிக்கு பேர் குடுத்தேன். காம்பியரிங் பண்ணவர் மைக்ல "அடுத்து நம்ம வாலிபால் தம்பி, காதப் பொத்திக்கங்க"ன்னார், ஹாலே சிரிச்சுது, கீபோர்டுக்காரர் எந்த சுருதின்னு ஒரு வார்த்த கேக்கல, ஒன்றரை கட்டைல பாடுறவனுக்கு நாலு கட்டைல ஆரம்பிச்சு விட்டார், சரணத்துல மேல போறப்ப தொண்டை எட்டல, "பாத்தியா, சொன்னேன்ல"ன்னு மறுபடி ஒரு சிரிப்பு. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதியாச்சு. சொந்தக் கதைய ஏன் இழுக்கறேன்னா, என் டைம்லைன், இழுப்பேன்.

ரோஸி கிரியர்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயர். அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடிய சுட்டவன அமுக்கிப் பிடிச்சவங்கள்ல ஒருத்தர். அந்த சாவுக்கு அப்புறம், அதே 1968-ல, பாபி வோமாக் எழுதுன 'பீப்பிள் மேக் தி வேர்ல்ட்' பாடுனார். இதுவும் உங்களுக்கு காமெடி லிஸ்ட்தான், இல்ல?

"எல்லாத்தயும் சீரியஸா எடுக்காதீங்க ப்ரோ." எடுப்பேன் ப்ரோ.

பாக்ஸர் முகமது அலியும்தான் பாடுனார், கேஷியஸ் கிளேன்னு பேர் இருந்தப்ப, 'ஸ்டாண்ட் பை மீ'. அந்த வீடியோவுல அவரக் காணோமே, ஏன்? அலின்னா ஸ்டைல், ஃப்ரேஸியர்னா ஜோக். 1971-ல ரெண்டு பேரும் மோதுனப்ப 15-வது ரவுண்டுல ஃப்ரேஸியரோட லெஃப்ட் ஹூக் (இடது கைக் குத்து) வாங்கி கீழ விழுந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா? ஃப்ரேஸியர கொரில்லான்னு சொல்லி ஊரச் சிரிக்க வச்சதும் அலிதான். அந்த சிரிப்பத்தான் நீங்க இன்னும் சிரிச்சுட்டு இருக்கீங்க.

அன்ஃப்ரெண்ட் பண்றவங்க தாராளமா பண்ணிக்கலாம்.