தூக்கிவிட ஆள் வேண்டாம், செக்‌ஷனைக் கீழே இறக்குங்கள்

நேற்று காலையிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்களே இல்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பதவி உயர்வு ஆணை வாங்க வந்த பெண் ஊழியரை, சக்கர நாற்காலியோடு சேர்த்து நான்கு பேர் இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னணியில் உருக்கமான இசை. "மனிதநேயம் இன்னும் சாகல", "அரசு ஊழியர்னா இப்படி இருக்கணும்" என்று வரிசையாகக் கமெண்டுகள். என்னை டேக் செய்து "பார்த்தா சந்தோஷப்படுவீங்க அக்கா" என்று எழுதிய தம்பிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சந்தோஷப்படவில்லை தம்பி. அந்த ஆணை ஒரே ஒரு தாள். அதை எடுத்துக்கொண்டு ஓர் அதிகாரி கீழே இறங்கி வந்திருக்கலாம். நிகழ்ச்சியையே தரைத்தளத்தில் வைத்திருக்கலாம். அழைப்பு அனுப்பும்போதே அவர் எப்படி மேலே வருவார் என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, வீடியோ எடுக்க மட்டும் தோன்றியிருக்கிறது. எடுக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்களா?

தூக்கிய நால்வரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். "நல்லது செஞ்சாலும் குத்தம் சொல்றாங்க" என்று கிளம்பப் போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள். என் கோபம் அந்தப் படிக்கட்டின் மேல். அந்தப் படிக்கட்டை வைத்துக்கொண்டே மாற்றுத்திறனாளி ஊழியரை மேலே வரச் சொன்ன அலுவலகத்தின் மேல்.

தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிறு வயதில் போலியோ. வலது காலில் கேலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, இரண்டு கையிலும் ஊன்றுகோல். குரூப் 4 எழுதி, கலந்தாய்வு முடிந்து, இளநிலை உதவியாளராகச் சேரப் போன முதல் அலுவலகமே மாடியில் இருந்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் முதலில் வாங்கிக்கொண்டது என் ஊன்றுகோல்களை. அது கையை விட்டுப் போன பிறகு நம் உடம்பு நம் வசத்தில் இருக்காது. அக்குளுக்குக் கீழே பெயர் தெரியாத ஒருவரின் கை. துப்பட்டா நழுவுகிறது, அதைச் சரிசெய்யக்கூட எனக்கென்று ஒரு கை மிச்சமில்லை. கேலிப்பரின் இரும்பு ஒவ்வொரு படியிலும் இடிக்கும் சத்தம் கேட்டு செக்‌ஷன் முழுக்க எழுந்து நின்று பார்க்கிறது. "ஐயோ பாவம்" என்று ஓர் அம்மா சொன்னார். பணியில் சேர்ந்தேன் என்று கையெழுத்துப் போட்ட அந்த நாள் என் வீட்டுக்குப் பெரிய நாள். எனக்கு அதில் அந்தப் படிக்கட்டுதான் நினைவிருக்கிறது.

அதன் பிறகு தினமும் அந்தப் படிகளை நானே கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினேன். மதியம் கீழே இறங்க மாட்டேன். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், இன்னும் மூன்று படி தாண்டி. அதனால் வீட்டில் குடித்த காபியோடு சரி, சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போனால் "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்பார்கள். பெண் ஊழியர்கள் பலருக்கு இது புரியும். ஊன்றுகோலோடு இருப்பவளுக்கு அது இரண்டு மடங்கு.

என் செக்‌ஷனைக் கீழே மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன். கீழே இருந்த அறையில் பழைய பீரோக்களும் கழித்துக்கட்டிய நாற்காலிகளும் கிடந்தன. ஊழியை மாடியில், உடைந்த நாற்காலி தரைத்தளத்தில். மனுவுக்குப் பதிலே இல்லை. சூப்பிரண்டு மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, எல்லாரும் உனக்கு உதவிதானே செய்றாங்க, எதுக்கு எழுத்துல குடுக்குற?" என்று கேட்டார். உதவி கேட்டால் நல்ல பெண், உரிமை கேட்டால் பிரச்சினை பண்ணுகிறவள்.

இது சட்டம் ஐயா. யாருடைய இரக்கத்தையும் நம்பி எழுதப்பட்டதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசு நிறுவனம் தன் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வேலை செய்ய ஏதுவான மாற்றங்களையும் தடையற்ற சூழலையும் செய்து தர வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. அணுகல் வசதிக்காகப் பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2005-இல். 2024 நவம்பரில்தான், அணுகல் தரம் பற்றிய விதி வெறும் பரிந்துரை போல இருக்கிறது, சட்டத்துக்கே முரணானது, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு நீதிமன்றம் சொன்னது. இடையில் ஓடிய ஆண்டுகளைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், லிப்ட் வைக்க முடியாது" என்பீர்கள். சரி, வைக்க வேண்டாம். செக்‌ஷனைக் கீழே மாற்ற என்ன செலவு? ஒரு ஆணை, இரண்டு ஆள், அரை நாள். "நிதி இல்லை" என்பீர்கள். அதிகாரி அறைக்கு ஏசி மாற்றும்போது இந்தப் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை.

"சாய்தளம்தான் கட்டியிருக்கே" என்பவர்களுக்கு ஒன்று. ஓர் அடி உயரம் ஏற, சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் வாசல் படிகளின் மேலேயே சிமெண்டைக் கொட்டிச் சரித்து வைத்திருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது. அதற்கு நீலத்தில் சின்னம் வரைந்து, ஆய்வுக்குப் போட்டோவும் எடுத்தாகிவிட்டது. அதன் மேல் தினமும் மூன்று பைக் நிற்கிறது.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "அதான் 4 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இன்று இல்லை. வாசலைத் திறந்துவிட்டு உள்ளே போகும் வழியை அடைத்தால் திறந்ததற்கு என்ன பொருள்? பக்கத்து சீட் அண்ணன் முழுப் பார்வையற்றவர். கணினியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் போட்டுக் கடகடவென்று வேலை செய்வார். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் அனுப்பினால். எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி இன்னும் யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் வருகிறது, மீதி ஸ்கேன் செய்த பிடிஎப். வானவில்லைத் திறந்தால் அவர் காதில் விழுவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். ஸ்கேன் பக்கத்தில் ஒன்றுமே விழாது. தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டது 2010-இல். அந்த ஆணையை மதித்தாலே அவருக்குப் பாதித் தடை போய்விடும். ஆனால் அலுவலகம் என்ன செய்தது? அவரை டெஸ்பாட்சில் உட்காரவைத்து, "சார் எதுவும் செய்ய வேணாம், சும்மா இருங்க" என்றது. பிறகு டீக்கடையில் நின்று, "இவங்களுக்கெல்லாம் சும்மா சம்பளம்" என்று பேசுகிறவர்களும் அதே அலுவலகத்தார்தான்.

உடனே பெனோ ஜெபைனைக் காட்டுவீர்கள். நானும் அவரைப் பார்த்துப் பெருமைப்படுகிறவள்தான். நம் சென்னைப் பெண், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போன முழுப் பார்வையற்ற முதல் அதிகாரி. ஆனால் "அவங்க சாதிக்கலையா" என்று அவர் பெயரைச் சொல்லி எங்கள் வாயை அடைக்காதீர்கள். மாற்றுத்திறனாளியான இரா சிங்கால் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2010 குடிமைப் பணித் தேர்வில் வென்றவருக்கு, தள்ள முடியாது, இழுக்க முடியாது, தூக்க முடியாது என்று காரணம் காட்டி இந்திய வருவாய்ப் பணியை மறுத்தார்கள். தீர்ப்பாயம் போய் வாங்கினார். 2014 தேர்வில் நாட்டிலேயே முதலிடம் வந்தார். வரி பார்க்கிற அதிகாரி எதைத் தூக்க வேண்டும்? எல்லோரும் தீர்ப்பாயம் போக முடியுமா? சாதாரண இளநிலை உதவியாளர் முதலிடம் வந்து காட்டினால்தான் கழிப்பறை கிடைக்குமா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2024-இல் மகாராஷ்டிராவில் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் குறித்துச் சர்ச்சை வந்ததே, அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் என் காலைப் பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் யார் உண்மைன்னே தெரியல" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கேலிப்பர் அப்போதும் என் காலில்தான் இருந்தது. போலி இருந்தால் பிடியுங்கள், தண்டியுங்கள். எங்கள் இடத்தைத்தானே அது திருடுகிறது, எங்களைவிட யாருக்கு அதில் கோபம் இருக்கும்? அதற்காக என்னை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று சால்வை போடுகிறீர்கள், இனிப்பு கொடுக்கிறீர்கள். போன வருஷம் அந்த மேடைக்குப் படி இருந்தது, சாய்தளம் இல்லை. நான் கீழேயே நின்றுகொண்டேன்.

கமெண்டில் அந்தப் பெண்ணின் பெயரையோ அலுவலகத்தையோ யாரும் எழுத வேண்டாம். வீடியோவையும் இனிமேல் பகிர வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் புகாரை விசாரிக்கக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரைப் பதிந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. அரசுப் பணியில் இருக்கும் நண்பர்கள் நாளை உங்கள் அலுவலகத்தில் அது யார் என்று கேட்டுப் பாருங்கள். பதவியை மட்டும் கமெண்டில் போடுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால் துறையையும் மாவட்டத்தையும் எழுதுங்கள். பட்டியலாக்கி சங்கத்தின் மூலம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு கொடுக்கப் போகிறோம்.