47 படிக்கு மேலே ஒரு வாயாடி

போன வாரம் இங்கே இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். "உங்க லயத்துல நடக்க முடியாத புள்ள ஒண்ணு இருந்துச்சே, பாவம், எப்படி இருக்கு?" அவள் போய் ஆடியோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றேன். "நல்லதாப் போச்சு. கஷ்டப்படாமப் போய்ச் சேர்ந்துச்சு" என்றார். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை, அவள் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாயாடி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பதின்மூன்று வயது வரை தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடிவருகிறவள். அப்புறம் விழ ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்தால், முதலில் முழங்காலில் கை ஊன்றுவாள், பிறகு தொடையில், தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரித்தான் எழும்புவாள். சோம்பேறி என்று அடி வாங்கியிருக்கிறாள். மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். கண்டியில் கிளினிக்குக்குப் போய், இரத்தம் சோதித்து, தசைத் துண்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது: லிம்ப் கேர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அறிவுக்கு ஒன்றும் ஆகாது. நோயை அடியோடு குணமாக்க இன்னும் மருந்தில்லை.

இதில் பல வகை இருக்கிறது. அவளுக்கு வந்த வகையில் அப்பா, அம்மா இருவரிடமும் கோளாறான மரபணு ஒன்று வெளியே தெரியாமல் இருக்கும். இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு நாலில் ஒன்று. அவள் அப்பா சொந்த மாமன் மகளைக் கட்டியவர். டாக்டர் இதை விளக்கிய அன்று வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில், முன்திண்ணையில், உட்கார்ந்து அழுதார். இவள் சொன்னாள்: "நீங்க பாதி குடுத்தீங்க, அம்மா பாதி குடுத்துச்சு. கணக்கு சரியாத்தானே இருக்கு, ஏம்ப்பா அழுவுறீங்க?" அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு 47 படி. எண்ணி வைத்திருந்தது அவள்தான். பத்தொன்பதாவது படி உடைந்தது. 16 வயதில் ஏற பத்து நிமிஷம், 17இல் அரை மணி நேரம், 19இல் அண்ணன் முதுகு. எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் படிக்கணக்கில்தான் பதில் சொல்வாள்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அவளுக்கு முதல் வாக்கு. வாக்குச்சாவடியும் படிகளுக்கு மேலேதான். போகாவிட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன். அவள் அப்பாயி, 1948இல் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழ்ச் சனத்தில் பிறந்தவர். குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தலையெல்லாம் நரைத்துத்தான் வாக்குப் போட்டார். "கெழவி அம்பது வருஷத்துக்கு மேல காத்துக்கிடந்துச்சு. எனக்கு இந்தப் படி பெருசாக்கா?" அண்ணன் முதுகில் ஏறிப் போனாள். அங்கே நின்ற அதிகாரியிடம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தெரியுமா, 2006இல் பொதுக் கட்டடங்களுக்கு வழி அமைக்க ஒழுங்குவிதி வந்தது தெரியுமா என்று முதுகில் இருந்தபடியே வகுப்பெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கப்படுகிறேன்.

இஸ்தோப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்தாள். அதை ஒருநாள் படம் பிடித்து "சாதனைப் பெண்" என்று இதே பக்கத்தில் போட்டேன். முந்நூறு லைக். ராத்திரியே கோல் வந்தது. "நான் என்னாத்தக்கா சாதிச்சேன்? உக்காந்திருக்கேன். கூலி வாங்கிக்கிட்டு டியூஷன் குடுக்குறேன். படத்த எடுங்க." எடுத்தேன். அவள் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. சீட்டாட்டத்தில் கள்ள ஆட்டம் ஆடுவாள். பொறாமை உண்டு. கோபம் வந்தால் நாலு நாள் பேசமாட்டாள்.

கல்யாண வீட்டுக்காரர் சொன்ன கஷ்டத்துக்கு வருகிறேன். உன் கஷ்டம் என்ன என்று அவளிடம் கேட்டிருந்தால் நோயை மூன்றாவதாகத்தான் சொல்லியிருப்பாள். இரண்டாவது படி. முதலாவது கக்கூஸ். அது லயத்துக்குப் பின்னால், சரிவில் இறங்கிப் போகவேண்டிய இடத்தில். அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவார், அண்ணனும் வேலைக்கு. தூக்க ஆள் இல்லை. அதனால் காலையில் அரைக் கோப்பை பிளேன்டி, அதோடு சரி. அண்ணன் வந்த பிறகுதான் அடுத்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் தேத்தண்ணியை எண்ணிக் குடித்தாள். இதைத் தசைநோய் செய்யவில்லை. ஒரு கைப்பிடியும் நாலு மூட்டை சீமெந்தும் போதும் என்று கணக்குப் போட்டுக் கடிதம் எழுதினாள், மூன்று தடவை. பதில் வரவில்லை.

கடைசியில் மூச்சுத் தசைகளும் தளர்ந்திருந்தன. ஆடி மழையில் பிடித்த சளி நெஞ்சை விட்டு இறங்கவில்லை. போவதற்கு மூன்று நாள் முந்திக்கூடத் தலைமயிரில் ஒரு கொத்துக்குச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றாள். 24 வயது. போய்ச் சேர அவசரப்பட்ட ஆளின் பேச்சா அது?

எடுத்துக்கொண்டு போன அன்று அந்த 47 படியிலும் தோள் கொடுக்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். உடைந்த படியில் கால் வைக்கப்போனவர்களை டியூஷன் பிள்ளைகள்தான் "பத்தொம்பது, பத்தொம்பது" என்று கத்தி நிறுத்தினார்கள்.

சரி, எழுத வந்த இன்னொரு விஷயம். அவளுடைய சக்கர நாற்காலி சும்மா கிடக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாருக்காவது தேவை என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், காசு வேண்டாம். இடது முன்சக்கரம் கொஞ்சம் இழுக்கும். இருக்கைக்கு அடியில் நீல பேனாவால் எதையோ கிறுக்கி வைத்திருக்கிறாள், அதை மட்டும் அழிக்காதீர்கள். கொண்டுவந்து தருகிறோம், உங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணிச் சொல்லுங்கள்.