எல் எழுத்தே இல்லாத செய்தி

கணினிப் பாதுகாப்புத் துறைக்கு இனி பொறியாளர்கள் போதும், வரலாறும் மொழியும் படித்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில், எதிரியின் ரகசியச் செய்திகளைப் படித்தெடுத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் மையத்தில், எனிக்மா என்ற மறைகுறி எந்திரத்தின் ரகசியத்தை உடைத்தவர்களில் ஒருவரான டில்லி நாக்ஸ், சிதைந்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளைப் படித்தெடுத்த அறிஞர். அவர் குழுவில் இருந்த மேவிஸ் லீவர் ஜெர்மன் இலக்கிய மாணவி. ஒரு நீண்ட இத்தாலிய மறைகுறிச் செய்தியில் எல் (L) என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தது அவர்தான். எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. அப்படியென்றால் அனுப்பியவன் ஏதோ சோதனைக்காக எல் விசையையே அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறான்! எந்திரத்துக்குப் பின்னால் சலிப்புற்ற ஒரு மனிதனைப் பார்த்த கண் அது. 1941 மார்ச்சில் மட்டபான் முனைப் போரில் பிரிட்டன் கடற்படை இத்தாலியக் கடற்படையை வென்றதில் இந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கணிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே பணிபுரிந்த கணித மேதை டூரிங் இல்லாமல் அந்த வரலாறே கிடையாது. ஆனால் இன்றும் போலி மின்னஞ்சலில் கடவுச்சொல்லைப் பறிப்பவன் பெரும்பாலும் மென்பொருளை உடைப்பதில்லை, நம் அவசரத்தையும் பயத்தையும்தான் பிடித்துக்கொள்கிறான். சரி, அதைப் படிக்க எந்தத் துறைக்குப் போவது? கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.