கமிட்டியில் நிற்பதற்கு முன்னால் பந்தியில் நில்லுங்கள்

ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்குத் தேர்தல் நெருங்கினால் போதும், "வாலிபர்களில் பொறுப்பெடுக்க ஆளே இல்லையே" என்ற புலம்பல் கிளம்பிவிடும். புலம்புகிறவர் அநேகமாகப் பல வருஷமாக அதே கமிட்டியில் உட்கார்ந்திருப்பவராக இருப்பார். நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். மற்ற இடங்களின் கதை வேறாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. வருகிற ஆளுக்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

எங்கள் சபையில் வளர்கிற ஒரு பையனைப் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்வான். விடுமுறை வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸில் ஆக்‌ஷன் பாட்டு. மீசை முளைத்ததும் பாடகர் குழு, கீபோர்டு, கிறிஸ்துமஸ் நாடகம், கேரல் ரவுண்ட்ஸ். எல்லாம் நல்லதுதான், நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் இதில் பெரும்பகுதி மேடை வேலை. ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணுகிற மேஜைப் பக்கம் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. சாவு வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னதில்லை. வருஷக்கணக்காகக் கோயிலுக்கு வராத குடும்பத்தைப் போய்ப் பார்த்து வா என்று அனுப்பியதில்லை. இத்தனைக்கும் பிறகு நாற்பது வயதில் குடும்பத்தார் பலத்தில் அவனைத் தேர்தலில் நிறுத்துவோம். ஜெயித்ததும் அவனுக்கு மைக் மட்டும்தான் பிடிக்கத் தெரிகிறது என்று குறை சொல்வோம்.

இதற்கு மருந்து என்று இப்போது தலைமைத்துவப் பயிற்சி முகாம் வந்திருக்கிறது. மலைமேல் ஒரு விடுதி, இரண்டு நாள், புரொஜெக்டர், கம்பெனிகளில் சொல்லித்தரும் அதே படங்கள், நடுவில் ஒரு வசனம், முடிவில் சான்றிதழ், குரூப் போட்டோ. போனவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தவனுக்கு ஊரில் புதிதாக ஒரு சாவி கூடக் கையில் தரப்படவில்லை என்றால் அந்த முகாம் எதற்கு?

என்னைக் கேட்டால், எங்கள் சபைகளில் தலைமைக்கு இருக்கிற மிகச் சிறந்த பள்ளிக்கூடம் அசனப் பண்டிகை, அதாவது சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து. சிரிக்காதீர்கள். அசனத்தன்று ஸ்டோர் ரூம் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை மூட்டை அரிசி என்று தலைக்கணக்குப் போட வேண்டும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் எத்தனை குடும்பம் வரும் என்று ஊகிக்க வேண்டும். மூன்றாவது பந்தியில் குழம்பு தண்ணீராகப் போனால் வசவு வாங்க வேண்டும். நடக்க முடியாத பாட்டி வீட்டுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு போனதா என்று பார்க்க வேண்டும். "எங்க தெருவுக்கு மட்டும் அழைப்பு சொல்ல ஆள் வரலை" என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற மாமாவைச் சமாதானப்படுத்த வேண்டும். மறுநாள் மளிகைக் கடை பில்லை வைத்துக்கொண்டு கமிட்டி முன் கணக்கு ஒப்பிக்க வேண்டும். நிர்வாகம், மேய்ப்பு, சமரசம், நேர்மை எல்லாம் அந்த ஒரு நாளில் வந்துவிடுகிறது. இதை வாலிபர்களிடம் கொடுக்கிறோமா? அவர்களுக்குச் சாம்பார் வாளியைத்தான் கொடுக்கிறோம். சாவி பெரியவர் மடியில்.

வேதத்திலும் முதல் சபைக் கமிட்டி சாப்பாட்டுச் சண்டையில்தான் பிறந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கிரேக்க மொழிக்காரர்களின் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு. தீர்த்துவைக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, மனத்தாங்கல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். எங்கள் ஊரில் இப்படி நடக்குமா? எந்தக் குடும்பம், எந்த ஜாதி, எந்த அணி என்று பார்த்துச் சீட்டு ஒதுக்குகிற நாம், குறை சொன்ன தெருக்காரனையா பந்தி பார்க்க வைப்போம்? அந்த ஏழு பேரில் ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி ஆனார், பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கித்தார். பந்தி முதலில், பிரசங்கம் அப்புறம்.

நம் மண்ணிலேயே ஆள் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்று மட்டும்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அங்கி போடுவதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராக அலைந்தார். 1903இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்றார். நம் ஜனங்களின் காணிக்கையில் நம் ஆட்களையே அனுப்பிய சங்கம் அது. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் இருந்தார். குருப்பட்டம் வாங்கியது 1909இல், அதே வருஷம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912 டிசம்பரில்தான் பேராயர். மறு வருஷமே எல்லாம் வேண்டும் என்கிற நம் அவசரத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது.

"சின்னப் பசங்க கையில காசைக் கொடுத்தா தொலைச்சுடுவாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். பெரியவர்கள் கையில் இருந்தது எங்கே போனது என்று கேட்க நா வரை வந்தது, மரியாதைக்கு அடக்கிக்கொண்டேன். ஒரு பேராயரின் எல்லையான திருமண்டலத்தின் தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போய், சில இடங்களில் ஓய்வுபெற்ற நீதிபதி வந்து நிர்வாகம் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த அளவுக்குக் கொண்டுபோனது வாலிபர் ஐக்கிய சங்கம் இல்லை.

பெண்கள் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் அநியாயம். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது, பிரசவ வீட்டில் ஜெபிப்பது, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் நுழைந்து பேசுவது எல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்தான். கேட்ட இரகசியத்தை வெளியே விடாமல் காப்பதிலும் அவர்கள்தான் கெட்டி. 2013இல் புஷ்பலலிதா அம்மா சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக நந்தியாலில் பொறுப்பேற்று இத்தனை வருஷமான பிறகும், கமிட்டியில் இருக்கிற அக்காவிடம்தான் டீ சொல்லச் சொல்கிறோம்.

என் யோசனை ரொம்பச் சாதாரணம். காணிக்கை மேஜையில் ஒவ்வொரு மாதமும் வாலிபர் இரண்டு பேர், அதில் ஒருத்தி பெண், எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். சபைக் குருவான ஐயரோ அவருக்கு உதவுகிற உபதேசியாரோ வீடு சந்திக்கப் போகும்போது கூட ஒருவர் போகட்டும், வாயைத் திறக்காமல் கேட்டுப் பழகட்டும். ஐயர் மாற்றலாகிப் போனாலும் அந்த வீட்டுக்கு வழி தெரிந்தவர் ஒருவர் சபையில் இருப்பார். ஒரு பொறுப்பில் இரண்டு தடவைக்கு மேல் இருக்காமல், கடைசி வருஷம் முழுக்க அடுத்தவருக்குச் சொல்லித்தந்துவிட்டு இறங்க வேண்டும். இந்தக் கடைசிதான் கசக்கும் என்று தெரியும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் உதவிக்காரர் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. நாம் ஓட்டு எண்ணிய பிறகு சோதிக்கிறோம், அப்போது இறக்கவும் வழியில்லை.

எங்கள் சபையில் இதில் ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி, சபையார் கட்டுகிற சங்கக் காணிக்கையின் கணக்கை எக்செல்லில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டாள். பொருளாளருக்கு மனசே இல்லை, இருந்தாலும் விட்டார். இப்போது அவர் நோட்டிலும் எழுதுகிறார், அவள் கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறாள். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு யார் பக்கம் என்று இருவருக்கும் ஒரு வாக்குவாதம். போன மாதம் தப்பு நோட்டில் இருந்தது. சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கச் சொன்னால் அவள் மாட்டேன் என்கிறாள்.